ஒரே சோர்ஸ், வேற வேற டாட் ஓ: "கம்பேட்டிபிள்"னு சொன்னா எதுவரைக்கும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். கட்டளைகள் வாயால் சொன்னபடியே தரப்பட்டுள்ளன.)

துவாக்குடியிலேருந்து பேசறேன். இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். ஆனா சி லாங்குவேஜ்ல ஒரு ஹலோ வேர்ல்டு எழுதினவங்க யாரா இருந்தாலும் கடைசி வரைக்கும் கூட வரலாம். முடிஞ்சா லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டே கேளுங்க. பஸ்ல போயிட்டிருக்கீங்கன்னா, ராத்திரி வீட்டுக்குப் போய்ச் செஞ்சு பாருங்க.

முதல்ல ஒரு சின்னச் சோதனை. லினக்ஸ் மெஷின்ல அஞ்சு வரி ஹலோ டாட் சி எழுதிக்கங்க. ஜிசிசி, மைனஸ் சி, ஹலோ டாட் சி. ஒரு ஹலோ டாட் ஓ வரும். அதோட எஸ்எச்ஏ 256 ஹாஷைக் குறிச்சு வைங்க. திரும்ப அதையே கம்பைல் பண்ணுங்க. அதே ஹாஷ் வரும். இப்ப ஜிசிசிக்குப் பதிலா கிளாங்னு போடுங்க. மத்த எதையும் மாத்த வேண்டாம். அதே மைனஸ் சி, அதே ஃபைல். எரர் வராது, வார்னிங் வராது. லிங்க் பண்ணி ஓட்டினா அதே ஹலோ வேர்ல்டு. ஆனா ஹாஷ் மொத்தமா வேற.

"ரெண்டு கம்பைலரும் வேற வேற ஆளுங்க எழுதினது, வேறயாத்தானே இருக்கும்"னு சொல்லிட்டு எல்லாரும் கடந்து போயிடுவோம். நியாயமான பதில்தான். ஆனா "வேறயாத்தானே இருக்கும்"ங்கிற அந்த அலட்சியத்தை நம்பி ஒரு ஆள் உலகத்துல பாதி சர்வர்களுக்குள்ள நுழையப் பார்த்தான். அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி, அந்த டாட் ஓ ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துடலாம்.

வெல்டர் அடிச்ச பஞ்ச்

துவாக்குடி சிட்கோ பக்கம் போனவங்களுக்குத் தெரியும், பெல் நிறுவனத்துக்காக பாய்லர் பாகங்கள் செய்யற ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் நிறைய. ஒரே டிராயிங்கை ரெண்டு யூனிட்டுக்குக் கொடுப்பாங்க. ரெண்டு இடத்துலேருந்தும் பாகம் வரும். அளவு சரியா இருக்கும், போல்ட் ஓட்டை சரியா இருக்கும், ரெண்டையும் ஒரே பாய்லர்ல மாட்டலாம். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. இரும்பு எந்த வார்ப்புலேருந்து வந்ததுன்னு சொல்ற ஹீட் நம்பர் வேற. வெல்டு பண்ண ஆளோட அடையாள பஞ்ச் வேற. வெல்டிங்கோட வரிசையே கூட வேறயா இருக்கலாம்.

ஆப்ஜெக்ட் ஃபைலும் அப்படித்தான். அதுல உங்க புரோகிராமோட மெஷின் கோடு இருக்கும், டேட்டா இருக்கும், எந்த ஃபங்ஷன் எங்க இருக்குன்னு ஒரு சிம்பல் டேபிள் இருக்கும், லிங்கர் பின்னாடி வந்து நிரப்ப வேண்டிய இடங்களோட பட்டியல் இருக்கும். இதெல்லாம் டிராயிங்ல இருக்கற சமாச்சாரம். இது போக "கமெண்ட்"னு ஒரு செக்‌ஷன் இருக்கும். அதுல ஜிசிசி தன் பேரையும் வெர்ஷனையும் எழுதும், கிளாங் தன்னோடதை எழுதும். இதுதான் வெல்டர் பஞ்ச். மைனஸ் ஜி போட்டு டீபக் தகவலோட கம்பைல் பண்ணீங்கன்னா, எந்த ஃபோல்டர்ல உக்காந்து கம்பைல் பண்ணீங்கங்கிற முழுப் பாதையும் உள்ள போயிடும். உங்க யூசர் பேர் உட்பட. சந்தேகமா இருந்தா அதே ஹலோ டாட் சியை வேற ஃபோல்டருக்குக் காப்பி பண்ணி, மைனஸ் ஜி போட்டுப் பாருங்க. கம்பைலர் ஒண்ணுதான், சோர்ஸ் ஒண்ணுதான், ஹாஷ் மாறிடும்.

"கம்பேட்டிபிள்"ங்கிற வார்த்தை

ஒரு டூல் இன்னொண்ணோட கம்பேட்டிபிள்னு சொன்னா அதுக்கு மூணு படி இருக்கு. முதல் படி, நான் சொல்ற கட்டளை அதுக்குப் புரியும். ரெண்டாவது, அது செஞ்ச டாட் ஓவும் இது செஞ்ச டாட் ஓவும் ஒண்ணா லிங்க் ஆகி ஒழுங்கா ஓடும். மூணாவது, ரெண்டும் பைட் பைட்டா ஒண்ணா இருக்கும். கிளாங் முதல் ரெண்டைத்தான் முயற்சி பண்ணுது. மூணாவதை யாரும் வாக்குக் கொடுக்கவே இல்ல. நாமதான் முதல் படியைப் பார்த்துட்டு மூணாவது வரைக்கும் கற்பனை பண்ணிக்கிறோம்.

இதுக்கு ரொம்பத் தெளிவான உதாரணம் விண்டோஸ்ல இருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட சி கம்பைலர் பேர் சிஎல். அதுக்கு மாத்தா எல்எல்விஎம்காரங்க கொடுக்கறது கிளாங் சிஎல். சிஎல்லுக்குக் கொடுக்கற ஸ்லாஷ் போட்ட கட்டளைகளை அப்படியே வாங்கிக்கும். விளையாட்டுச் சாமான் இல்ல. 2018ல விண்டோஸுக்கான கூகுள் குரோமையே, வெர்ஷன் 64லேருந்து, கிளாங்லதான் கட்ட ஆரம்பிச்சாங்க.

கிளாங்கும் கிளாங் சிஎல்லும் தனித்தனி புரோகிராம் கூட இல்ல. ஒரே புரோகிராம். தன்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு பார்த்து வேஷம் மாத்திக்கும். நாடகத்துல ஒரே நடிகர் ரெண்டு வேஷம் கட்டற மாதிரி. கிளாங்னு கூப்பிட்டா விண்டோஸ்லயும் ஹலோ டாட் ஓ தரும். கிளாங் சிஎல்னு கூப்பிட்டா ஹலோ டாட் ஓபிஜே தரும். இது வெறும் பேர் வித்தியாசம், விட்டுடலாம். ஆனா உள்ளயும் மாறுது. கிளாங் சிஎல் செஞ்ச ஃபைலுக்குள்ள, "என்னை லிங்க் பண்ணும்போது சி லைப்ரரியையும் சேர்த்துக்க"ன்னு லிங்கருக்கு ஒரு குறிப்பு இருக்கும். சிஎல்லும் அப்படித்தான் எழுதும். சாதா கிளாங் அந்தக் குறிப்பை ஃபைலுக்குள்ள வைக்காது, லிங்க் பண்ற நேரத்துல நேரா லிங்கர்கிட்டயே சொல்லிக்கும். அதனால சாதா கிளாங்ல செஞ்ச ஃபைலை எடுத்து மைக்ரோசாஃப்ட் லிங்கர்கிட்ட தனியாக் கொடுத்தா, "இந்த ஃபங்ஷனைக் காணோமே"ன்னு அது கத்த வாய்ப்பு இருக்கு. ஒரே கம்பைலர், ஒரே சோர்ஸ், கூப்பிட்ட பேர் மட்டும்தான் வேற.

இன்னொண்ணு. ஸ்லாஷ் இஸட் ஐன்னு டீபக்குக்கான ஒரு கட்டளை. சிஎல் அதைப் பார்த்தா டீபக் தகவலைத் தனியா ஒரு பிடிபி ஃபைல்ல வைக்கும். கிளாங் சிஎல் அதே கட்டளையை மறுக்காம வாங்கிக்கும், ஆனா தகவலை ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ளயே திணிச்சுடும். கட்டளை புரிஞ்சது, வேலையும் நடந்தது, ஃபைல் வேற.

நாலு பைட் நேரம்

இதுல எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். விண்டோஸ் ஆப்ஜெக்ட் ஃபைலோட தலைப்புல, அஞ்சாவது பைட்லேருந்து நாலு பைட்டுக்கு ஒரு இடம் இருக்கு. 1970லேருந்து எத்தனை செகண்ட் ஆச்சுங்கிற கணக்கு அங்க உக்காரும். அதாவது, ஃபைல் செஞ்ச நேரம். அதனால சிஎல்ல ஒரே ஃபைலை ஒரு செகண்ட் விட்டு ரெண்டு தடவை கம்பைல் பண்ணா, ரெண்டு ஹாஷ். கிளாங் சிஎல்லும் வழக்கமா நேரத்தை எழுதும். அது எழுதறதுக்குக் காரணம், மைக்ரோசாஃப்ட் லிங்கர் இன்க்ரிமென்டலா லிங்க் பண்ணும்போது அந்த நேரத்தை நம்பி இருக்கு. கம்பேட்டிபிளா இருக்கணும்னா எழுதித்தான் ஆகணும். வேண்டாம்னா ஸ்லாஷ் பிரெப்ரோன்னு ஒரு கட்டளை கொடுக்கணும். கொடுத்தா நேரம் போயிடும், ஆனா இன்க்ரிமென்டல் லிங்க் கெட்டுப் போகும். ஒண்ணு வேணும்னா ஒண்ணை விடணும்.

லினக்ஸ்ல இந்தத் தொல்லை குறைவு. ஈஎல்எஃப்ங்கிற அந்த ஃபார்மட்டோட தலைப்புல நேரத்துக்கு இடமே இல்ல. ஆனா நாமளே நேரத்தைக் கூப்பிட்டு உள்ள விடலாம். சோர்ஸ்ல டேட், டைம்னு ரெண்டு மேக்ரோ இருக்கு இல்லையா, "இந்த பில்டு இன்ன தேதி"ன்னு திரையில காட்டறதுக்கு ஆசையா போடுவோமே, அது. இதைச் சமாளிக்க 2015 வாக்குல ரீபுரடியூசபிள் பில்ட்ஸ் குழுவினர் ஒரு வழி சொன்னாங்க. சோர்ஸ் டேட் எபாக்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள். அதுல ஒரு நேரத்தைக் கொடுத்தா, கம்பைலர் கடிகாரத்தைப் பார்க்காம அதையே எடுத்துக்கணும். ஜிசிசி இதை 2017ல, வெர்ஷன் 7ல ஏத்துக்கிச்சு. கிளாங் ஏத்துக்கிட்டது வெர்ஷன் 16ல, 2023ல. நடுவுல ஆறு வருஷம், அதே வேரியபிள், அதே கட்டளை, ஜிசிசி ஒரு தேதி போட்டுச்சு, கிளாங் வேற தேதி போட்டுச்சு. எரர் எதுவும் வரல. தெரியாத வேரியபிளை யாரும் திட்ட மாட்டாங்க இல்லையா.

மேக் வச்சிருக்கற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டெர்மினல்ல ஜிசிசின்னு அடிச்சா ஓடறது ஜிசிசி இல்ல. 2013ல வந்த எக்ஸ்கோட் 5லேருந்து அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கறது ஆப்பிளோட கிளாங். நம்பலைன்னா ஜிசிசி, மைனஸ் மைனஸ் வெர்ஷன்னு அடிச்சுப் பாருங்க. லேப்ல பக்கத்துல உக்காந்திருக்கறவன் உபுண்டு, நீங்க மேக், ரெண்டு பேரும் "நான் ஜிசிசிலதான் பண்ணேன்"னு சத்தியம் பண்ணுவீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல.

பஞ்ச் வேறயா, இரும்பே வேறயா?

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பெரும்பாலும் பஞ்ச் வித்தியாசம். தேதி, பாதை, பேர். புரோகிராம் நடந்துக்கற விதம் மாறாது. ஆனா இரும்பே மாறற இடமும் இருக்கு.

ஏ பெருக்கல் பி கூட்டல் சின்னு ஒரு கணக்கு. சாதாரணமா பெருக்கிட்டு ஒரு தடவை ரவுண்டு பண்ணணும், கூட்டிட்டு இன்னொரு தடவை ரவுண்டு பண்ணணும். இப்ப இருக்கற பிராசஸர்கள்ல எஃப்எம்ஏன்னு ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சு, கடைசியில ஒரே ஒரு தடவை ரவுண்டு பண்ணும். பதிலோட கடைசி இலக்கம் மாறலாம். ஜிசிசி வழக்கமா கிடைச்ச இடத்துல எல்லாம் இப்படிச் சேர்க்கும், ரெண்டு தனித்தனி ஸ்டேட்மென்ட்டா எழுதியிருந்தாலும் சேர்க்கும். கிளாங், வெர்ஷன் 14லேருந்து, ஒரே எக்ஸ்பிரஷனுக்குள்ள இருந்தா மட்டும் சேர்க்கும். அதுக்கு முன்னாடி, சொன்னாத்தான் சேர்க்கும்.

கடைசி இலக்கம்தானேன்னு தோணும். இங்க துவாக்குடி என்ஐடி வளாகத்துல பரம் பொருள்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துல 2022 மே மாசம் தொடங்கினது, 838 டெராஃப்ளாப்ஸ் திறன். இந்த மாதிரி மெஷின்ல ஓடற ஒரு சிமுலேஷன், ஒரு படியோட பதிலை அடுத்த படிக்குக் கொடுத்து லட்சக்கணக்கான படி ஓடும். முதல் படியில கடைசி இலக்கத்துல வந்த வித்தியாசம், வானிலை மாதிரியான கணக்குகள்ல, போகப் போக வளர்ந்து முதல் இலக்கத்தையே மாத்தற அளவுக்கு வரலாம். ரெண்டு ஆய்வு மாணவர்கள், ஒரே சோர்ஸ், ரெண்டு கம்பைலர், ரெண்டு கிராஃப். எது சரி? ரெண்டுமே விதிப்படி சரியா இருக்கலாம். ஆனா எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன், எந்தக் கட்டளைன்னு எழுதி வைக்காத கிராஃபை மூணாவது ஆள் யாராலும் திரும்ப வரைய முடியாது.

இங்கதான் முக்கியமான கேள்வி. ரெண்டு ஃபைல் வேறயா இருக்கு. இது பஞ்ச் வித்தியாசமா, இரும்பு வித்தியாசமா, இல்ல யாரோ உள்ள எதையோ வச்சுட்டாங்களா? ஹாஷைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முழுசா மாறிடும். பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கிறது இங்க உதவாது. கெட்டது ஒரே ஒரு பருக்கையில இருந்தாலும் போதும். தேதி, பாதைன்னு ஆயிரம் அப்பாவி வித்தியாசம் எப்பவும் இருந்துக்கிட்டே இருந்தா, ஆயிரத்தி ஓராவதா ஒரு திருட்டு வித்தியாசம் வந்தா யார் கண்ணுக்குத் தெரியும்?

கம்பைலர் பேரைக் கேட்ட திருடன்

2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட்னு ஒரு இன்ஜினியர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேலை பார்க்கறவர். தன் மெஷின்ல எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் கூட எடுக்குதேன்னு நோண்ட ஆரம்பிச்சு, எக்ஸ்இஸட்ங்கிற கம்ப்ரெஷன் லைப்ரரிக்குள்ள ஒரு பின்வாசல் இருக்கறதைக் கண்டுபிடிச்சு அன்னைக்கு வெளிய சொன்னார். வெர்ஷன் 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் யாரும் பார்க்காம விட்டிருந்தா பெரிய லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் வழியா எல்லா இடத்துக்கும் போயிருக்கும்.

எப்படி உள்ள வந்துச்சுன்னு பாருங்க. சோர்ஸ்ல நீங்க படிக்கற சி ஃபைல் எதுலயும் அந்தப் பின்வாசல் இல்ல. டெஸ்ட்டுக்குன்னு வச்சிருந்த, "கெட்டுப்போன ஃபைல்"ங்கிற பேர்ல இருந்த பைனரிக்குள்ள சுருட்டி வச்சிருந்தாங்க. ரிலீஸ் பண்ண டார்பால்ல மட்டும் ஒரு பில்டு ஸ்கிரிப்ட்டை மாத்தியிருந்தாங்க. கிட்ல இருந்த சோர்ஸ்ல அந்த மாத்தம் இல்ல. பில்டு ஓடும்போது அந்த ஸ்கிரிப்ட், டெஸ்ட் ஃபைலுக்குள்ளேருந்து என்ன எடுத்துச்சு தெரியுமா? ஏற்கனவே கம்பைல் பண்ணித் தயாரா வச்சிருந்த ஒரு டாட் ஓ ஃபைல். ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல். அதை மத்த டாட் ஓ ஃபைல்களோட ஒண்ணா உக்கார வச்சு லிங்க் பண்ணிடுச்சு.

நம்ம விஷயத்துக்கு நேரா வர்ற பகுதி இது. அந்த ஸ்கிரிப்ட் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில கேள்வி கேட்கும். இது 64 பிட் எக்ஸ்86 லினக்ஸா? டெபியன் பேக்கேஜோ ஆர்பிஎம் பேக்கேஜோ கட்டறாங்களா? கம்பைலர் ஜிசிசியா? லிங்கர் குனூ எல்டியா? எல்லாத்துக்கும் ஆமான்னு பதில் வந்தாத்தான் கைவரிசை. கம்பைலர் கிளாங்கா இருந்தா சத்தமில்லாம ஒதுங்கிடும். அதாவது ஒரே டார்பால், ஒரே வெர்ஷன். ஜிசிசில கட்டினா பின்வாசலோட வரும், கிளாங்ல கட்டினா இல்லாம வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சு யாராவது ஒப்பிட்டுப் பார்த்தாலும், "ஜிசிசி வேற, கிளாங் வேற, வேறயாத்தானே இருக்கும்"னு கடந்துதான் போயிருப்பாங்க.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடணும். ரீபுரடியூசபிள் பில்டு மட்டும் இருந்திருந்தா இதைப் பிடிச்சிருக்க முடியாது. டார்பாலே விஷம்னா, எத்தனை பேர் கட்டினாலும் எல்லாருக்கும் ஒரே விஷம்தான் வரும், ஹாஷும் ஒத்துப் போகும். ஆனா கிட் சோர்ஸ்லேருந்து ஒண்ணு, டார்பால்லேருந்து ஒண்ணு, ஒரே கம்பைலர், ஒரே கட்டளைன்னு கட்டி ஒப்பிட்டிருந்தா ரெண்டும் வேறயா வந்திருக்கும். தேதி, பாதைங்கிற சத்தத்தை முன்னாடியே அடக்கி வச்சிருந்தாத்தான் அந்த வித்தியாசம் காதுல விழும்.

வேறயா இருக்கறதே நல்லதாகிற இடம்

"அப்போ எல்லாக் கம்பைலரும் ஒரே பைட்டைத் தரணுமா?" தர வேண்டாம். ஒரே கம்பைலர், ஒரே வெர்ஷன், ஒரே கட்டளை கொடுத்தா, யார் மெஷின்ல எந்த நேரத்துல கட்டினாலும் ஒரே ஃபைல் வந்தாப் போதும். ரெண்டு கம்பைலர் வேற வேறயா இருக்கறது, சொல்லப் போனா, நமக்கு ஒரு பாதுகாப்பு.

1984ல கென் தாம்ப்சன், யூனிக்ஸை உருவாக்கினவர்ல ஒருத்தர், டூரிங் விருது உரையில ஒரு பயமுறுத்தல் காட்டினார். லாகின் புரோகிராமைக் கம்பைல் பண்ணும்போது ரகசியமா ஒரு பின்வாசல் வைக்கற கம்பைலர். தன்னையே கம்பைல் பண்ணும்போது அந்தத் திருட்டுப் புத்தியையும் சேர்த்து வச்சுக்கும். அப்புறம் சோர்ஸ்லேருந்து அந்த வரிகளை அழிச்சுடலாம். சோர்ஸ் சுத்தமா இருக்கும், கம்பைலர் பைனரி மட்டும் தலைமுறை தலைமுறையா திருடனாவே இருக்கும். சோர்ஸைப் படிச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதுக்கு டேவிட் வீலர்னு ஒருத்தர் 2005ல ஒரு வழி சொன்னார், 2009ல அதையே முனைவர் பட்ட ஆய்வா ஜிசிசியை வச்சு நிரூபிச்சார். சந்தேகப்படற கம்பைலரோட சோர்ஸை, சம்பந்தமே இல்லாத வேற ஒரு கம்பைலர்ல கட்டுங்க. வர்ற பைனரி வேறயாத்தான் இருக்கும், பரவாயில்ல. ஆனா அது நடந்துக்கற விதம் அந்த சோர்ஸ் சொன்னபடி இருக்கும். இப்ப அந்தப் புது பைனரியை வச்சு அதே சோர்ஸைத் திரும்பக் கட்டுங்க. இந்தத் தடவை வர்றது, சந்தேகப்பட்ட கம்பைலர் தன்னைத்தானே கட்டினப்போ வந்த ஃபைலோட பைட் பைட்டா ஒத்துப் போகணும். போகலைன்னா சோர்ஸ்ல இல்லாத ஏதோ ஒண்ணு பைனரில இருக்கான்னு தோண்டணும். ரெண்டு கம்பைலரும் ஒரே திருடன் கையில இருக்க வாய்ப்பு குறைவுங்கிறதுதான் இதோட பலம்.

ஜிசிசியைக் கட்டும்போதே இதுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒண்ணு நடக்குது. இருக்கற கம்பைலரை வச்சு முதல் கட்டம், அதை வச்சு ரெண்டாவது கட்டம், அதை வச்சு மூணாவது கட்டம். ரெண்டாவதும் மூணாவதும் செஞ்ச ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிடுவாங்க. ஒத்துப் போகலைன்னா பில்டு நின்னுடும். அந்த ஒப்பீட்டுல ஒவ்வொரு ஃபைலோட முதல் 16 பைட்டை விட்டுட்டுத்தான் பார்ப்பாங்க. ஏன்? சில ஃபார்மட்ல அந்த இடத்துலதான் நேரம் உக்காந்திருக்கு. அந்த நாலு பைட் எத்தனை பேரைப் படுத்தியிருக்குன்னு பாருங்க.

நமக்கு இதுல என்ன?

இது அமெரிக்காக்காரன் பிரச்சனை இல்ல. 2020 ஏப்ரல்ல ஆரோக்ய சேது ஆப் வந்துச்சு. 10 கோடிக்கும் மேல பேர் போன்ல போட்டாங்க. எங்க போறோம், யார் பக்கத்துல நிக்கறோம்னு அப்போ கவனிச்ச ஆப். மே 26 அன்னைக்கு அதோட ஆண்ட்ராய்டு சோர்ஸை வெளியிட்டாங்க. நல்ல விஷயம். ஆனா என் போன்ல இருக்கற ஆப் இந்த சோர்ஸ்லேருந்துதான் வந்துச்சான்னு நானே சரிபார்க்கணும்னா, நான் கட்டினாலும் அதே பைட் வரணும். வரலைன்னா சோர்ஸைத் திறந்து வச்சது பாதிக் கதவைத் திறந்து வச்ச மாதிரிதான். முடியாத காரியமும் இல்ல. சிக்னல் மெசஞ்சர் தன் ஆண்ட்ராய்டு ஆப்பை மத்தவங்களும் கட்டி ஒப்பிட்டுப் பார்க்கற மாதிரி 2016லயே செஞ்சது.

சி-டாக் சென்னை மையத்துல உருவான பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையா வச்சது. அந்த டெபியன்ல 2013லேருந்து ஒரு கூட்டம் உக்காந்து, ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை ஒவ்வொண்ணா ரெண்டு தடவை கட்டி, தேதியை மாத்தி, டைம்ஸோனை மாத்தி, ஃபோல்டரை மாத்தி, பைட் ஒத்துப் போகுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கு. கூலி கொடுத்து வச்ச ஆள் கம்மி, ஆர்வத்துல வந்தவங்க அதிகம். அவங்க உழைப்போட பலன் நம்ம ஊர் அரசு ஆபீஸ் வரைக்கும் வந்து சேருது.

இன்னும் கிட்ட வருவோம். ஒரு பேச்சுக்கு வச்சுக்கங்க. சிட்கோல ஒரு சின்ன யூனிட் கன்ட்ரோலர் போர்டு செய்யுது. ஃபர்ம்வேர் எழுதினவர் வேற வேலைக்குப் போயிட்டார், அவர் லேப்டாப்பும் போயிடுச்சு. மூணு வருஷம் கழிச்சு ஒரு கஸ்டமர் கேட்கறார், "என் மெஷின்ல இருக்கறது நீங்க ஆடிட்டுக்குக் கொடுத்த சோர்ஸ்தானா?" இங்க சோர்ஸ் இருக்கு, திரும்பக் கட்டறீங்க, ஹாஷ் ஒத்துப் போகல. கம்பைலர் வெர்ஷனா, பாதையா, தேதியா, இல்ல யாராவது கை வச்சாங்களா? பாய்லர்ல ஒரு குழாய் வெடிச்சா ஹீட் நம்பரைப் பிடிச்சுக்கிட்டு வார்ப்பு வரைக்கும் பின்னாடியே போயிட முடியும். இந்த ஊர்ல இரும்புக்கு இருக்கற அந்த ஒழுக்கம், நம்ம பைனரிக்கு இல்ல.

இன்னைக்கே செய்யக் கூடியது

உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டோ, ஆபீஸ் புராஜெக்ட்டோ, அதை எடுத்துக்கங்க. ரெண்டு வேற ஃபோல்டர்ல கட்டிப் பாருங்க. ஹாஷ் ஒத்துப் போச்சுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு. போகலைன்னா டிஃபாஸ்கோப்னு ஒரு டூல் இருக்கு, டெபியன்காரங்க செஞ்சது. ரெண்டு ஃபைலைக் கொடுத்தா எந்த செக்‌ஷன்ல, எந்த இடத்துல வித்தியாசம்னு பிரிச்சுக் காட்டும்.

பாதை உள்ள போகுதுன்னா, ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப்னு ஒரு கட்டளை ஜிசிசி, கிளாங் ரெண்டுலயும் இருக்கு, அதை வச்சு முழுப் பாதையை ஒரு புள்ளியா மாத்திடலாம். தேதின்னா, டேட், டைம் மேக்ரோவைத் தூக்கிடுங்க. டபிள்யூ டேட் டைம்னு வார்னிங் போட்டா எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு காட்டிக் கொடுத்துடும். தூக்க முடியலைன்னா சோர்ஸ் டேட் எபாக் வைங்க, உங்க கம்பைலர் வெர்ஷனுக்கு அது தெரியுமான்னு பார்த்துட்டு வைங்க. டாட் ஏ லைப்ரரி செய்யறீங்கன்னா, ஏஆர் கட்டளைக்குப் பெரிய டி கொடுங்க, ஒவ்வொரு டாட் ஓவோட தேதியையும் யூசர் நம்பரையும் அது பூஜ்யமாக்கிடும். விண்டோஸ்னா ஸ்லாஷ் பிரெப்ரோ. எல்லாத்துக்கும் மேல, கம்பைலர் பேரை மட்டும் எழுதி வைக்காதீங்க, மைனஸ் மைனஸ் வெர்ஷன் சொல்றதை அப்படியே ரீட்மீல ஒட்டி வைங்க. ஜிசிசின்னு பேர் வச்சுக்கிட்டு யார் வந்து நிக்கறாங்கன்னு இப்பத்தான் பார்த்தோம்.

ஒரு நாள் சாயங்காலம் போதும் இதுக்கு. கம்பேட்டிபிள்னா, "நீ சொல்றது எனக்குப் புரியுது"ன்னு மட்டும்தான் அர்த்தம். "நான் செஞ்சதும் அவன் செஞ்சதும் ஒண்ணு"ன்னு அர்த்தம் இல்ல. வித்தியாசம் இருக்கறது தப்பில்ல. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் நம்மகிட்ட இருக்கணும், அவ்வளவுதான். காரணம் தெரிஞ்ச வித்தியாசத்தை ஒவ்வொண்ணா நீக்கிட்டே வந்தா, கடைசியா காரணம் தெரியாம ஒண்ணு மிஞ்சும் பாருங்க, அதுதான் நாம தேடிப் போக வேண்டியது.

செஞ்சு பார்த்தவங்க, முதல் தடவையே ரெண்டு ஹாஷும் ஒத்துப் போச்சா, இல்லைன்னா எந்தக் காரணத்தால போகலன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல லிங்கர் பக்கம் போகலாம். டாட் ஓ எல்லாம் சரியா இருந்தும், அவங்களை எந்த வரிசையில உக்கார வைக்கறோம்ங்கிறதுலயே ஃபைல் எப்படி மாறிடுதுன்னு பார்க்கலாம். அதுவரைக்கும், வரட்டுமா மக்களே.